முன்பனியை நெய்த தறி: ஒரு மலைச்சரிவுச் சித்திர நெசவு பற்றிய மதிப்புரை

என் வாசிப்பறையின் உட்சுவரில் ஓராண்டாகத் தொங்கும் ஒரு கைநெசவுச் சித்திரத்தைப் பற்றிய மதிப்புரை இது. அகலம் 110 சென்டிமீட்டர், உயரம் 85 சென்டிமீட்டர். பாவு (நெடுக்கு நூல்) பருத்தி, ஊடை (குறுக்கு நூல்) கம்பளி, ஓரிடத்தில் மட்டும் பட்டு. காட்சி எளியது. கீழே ஒரு குளத்தின் விளிம்பு. அதிலிருந்து எழும், பாறையும் புல்லும் கலந்த சரிவு. இடப்பக்கத்தில் மூன்று மரங்கள். அவற்றுக்கு அப்பால் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மலைத்தொடர்கள். மலைகளின் இடையில் முன்பனி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாண் உயர வானம். தனியொருவராகத் தறி வைத்து நெய்யும் ஒரு கலைஞரிடம் சொல்லி நெய்து வாங்கினேன். பொதியைப் பிரித்த வாரத்திலேயே எழுதியிருந்தால் வியப்பைத் தவிர வேறொன்றும் என்னிடம் இருந்திருக்காது. காலையிலும் மாலையிலும் ஓராண்டு பார்த்த பிறகு, இதில் எந்தப் பகுதி நாளுக்கு நாள் வளர்கிறது, எந்தப் பகுதியைக் கடந்துபோகக் கண் பழகிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதலில் பொருள் இன்னதென்று தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் டேப்பஸ்ட்ரி, அதாவது சித்திர நெசவு, என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பல, பாலியெஸ்டர் துணியில் அச்சிட்ட படங்களே. வேறு சில, பாவு நூல்களைத் தானாகத் தூக்கி வடிவம் நெய்யும் ஜக்கார்டு இயந்திரத்தில் நெய்தவை. பிரான்சின் பயோ நகரத்தின் பெயரால் அறியப்படும் 11ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ‘டேப்பஸ்ட்ரி’ கூட உண்மையில் நெசவு அன்று. ஏறத்தாழ 70 மீட்டர் நீள லினன் துணியின் மேல் கம்பளி நூலால் செய்த பூத்தையல். சித்திர நெசவில் துணியும் படமும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. சாதாரண நெசவில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடும். இதில் ஒவ்வொரு நிற ஊடையும் தன் நிறம் வேண்டிய இடத்திற்குள் மட்டும் போய்த் திரும்பும். ஒரே வரியில் இருபது முப்பது சிறு குச்சிகளில் சுற்றிய நூல்கள் தனித்தனியே வேலை செய்யும். ஊடையை நெருக்கி அடித்துவிடுவதால் பாவு முழுவதும் மறைந்து, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஊடையாகவே இருக்கும். வாங்குபவர் செய்யக்கூடிய மிக எளிய சோதனை, துணியைத் திருப்பிப் பார்ப்பது. அச்சிட்டதன் முதுகு வெளிறிக் கிடக்கும். ஜக்கார்டின் முதுகில் நிறங்கள் இடம் மாறி, பயன்படாத நூல்கள் அகலம் முழுவதும் ஓடும். கைநெசவில் அதே படம் இடவலம் மாறி, அதே அடர்த்தியான நிறத்தில், நூல் முனைகள் தொங்கத் தெரியும். என்னிடம் உள்ளதன் முதுகில் அந்த முனைகள் எல்லாம் இரண்டு விரல் நீளத்திற்கு விடப்பட்டிருக்கின்றன. ஒட்டக் கத்தரித்திருந்தால் பார்வைக்குத் துப்புரவாக இருந்திருக்கும். ஆனால் நாளடைவில் அவை நழுவி முன்பக்கம் ஓட்டை விழும். கத்தரிக்காமல் விட்டதை நான் நல்ல வேலைக்கு அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நெய்யச் சொல்லும்போது நான் மூன்று புகைப்படங்களை அனுப்பியிருந்தேன். அவற்றை அப்படியே நெய்ய மறுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து வந்தது கரிக்கோட்டில் வரைந்த ஒரு சிறு வரைபடமும், நூல் சுற்றிய ஓர் அட்டையுமே. படத்தில் என் புகைப்படத்தின் பாதி விவரங்கள் இல்லை. வேலியும் ஒற்றையடிப் பாதையும் போயிருந்தன. அந்த வரைபடத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாவுக்குப் பின்னால் கட்டிவைத்து நெய்வதே பெரும்பாலான தறிக்கூடங்களின் வழக்கம். வரைபடமே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் எகிப்தில், கீசாவுக்கு அருகே ஹர்ரானியா என்னும் சிற்றூரில், கட்டடக் கலைஞர் ராம்செஸ் விசா வாசெஃப் ஒரு நெசவுக்கூடத்தை அமைத்தார். அங்கே கிராமத்துச் சிறுவர்கள், முன்வரைவு ஏதும் இல்லாமல், பிறர் ஓவியத்தைப் பார்த்து நகலெடுக்கவும் இல்லாமல், தாங்கள் கண்ட பனையையும் வாய்க்காலையும் பறவையையும் நேராகத் தறியிலேயே நெய்தார்கள். என் நெசவாளர் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறார். மலைகளின் வெளிக்கோட்டை மட்டும் பாவு நூலின் மேல் மையால் குறித்துக்கொண்டு, உள்ளே என்ன நிகழ வேண்டும் என்பதைத் தறியில் அமர்ந்த பின்னரே முடிவு செய்கிறார். இதன் நன்மையும் தீமையும் இரண்டுமே துணியில் தெரிகின்றன.

அவர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி நிறத்தைப் பற்றியதன்று. படத்தை எந்தத் திசையில் நெய்வது என்பதே. வெளியில் இருப்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். பழைய ஐரோப்பியச் சித்திரத் திரைகளில் மிகப் பல பக்கவாட்டில் கிடத்தி நெய்யப்பட்டவை. தொங்கவிடும்போது அவற்றின் பாவு கிடையாகவும் ஊடை செங்குத்தாகவும் இருக்கும். நிமிர்ந்த மனித உருவத்தின் ஆடை மடிப்புகள், மரத்தண்டுகள், தூண்கள் ஆகிய செங்குத்துக் கோடுகளை அப்படி நெய்தால் அவை ஊடையின் ஓட்டத்திலேயே வழுவழுப்பாக அமைந்துவிடும். நிமிர்த்தி நெய்தாலோ அதே கோடுகள் படிக்கட்டாக உடையும், அல்லது நீண்ட பிளவுகளாகத் திறக்கும். ஆனால் என் படத்தில் உயிராக இருந்தவை தொடுவானமும் பனியும் மலைமுகடும். எல்லாம் கிடையாகப் படுத்திருப்பவை. பனி ஓடும் திசையில் ஊடையும் ஓட வேண்டும், மரங்களை நான் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நிமிர்த்தியே நெய்தார். இந்தப் படைப்பின் வெற்றியும், பின்னால் சொல்லப்போகும் பெருங்குறையும் இந்த ஒரே முடிவிலிருந்து வந்தவை.

பனியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதை வாங்கியதற்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். நூலில் பனி இல்லை. எந்தக் கம்பளி நூலும் ஓரம் தெளிவாக உள்ள, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும் திடமான பொருள். பனியோ ஓரமே இல்லாதது. இந்த இடைவெளியைக் கடக்க அவர் இரண்டு பழைய வழிகளைச் சேர்த்துக் கையாண்டிருக்கிறார். முதலாவது, நூலுக்குள்ளேயே நிறத்தைக் கலப்பது. அவருடைய ஊடை ஒற்றை நூல் அன்று. நான்கு மெல்லிய இழைகளைச் சேர்த்துச் சுற்றியது. நான்கும் கருநீலம், மூன்று கருநீலமும் ஒரு சாம்பலும், இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று, நான்கும் சாம்பல் என்று இரண்டே நிறங்களிலிருந்து ஐந்து படிகள் கிடைக்கின்றன. மூன்றாவதாக ஒரு நிறத்தைச் சேர்த்தால் 15 கலவைகள் கிடைக்கும். கலந்த இழைகள் முறுக்கிக்கொள்ளாமல் அருகருகே கிடப்பதால், பக்கத்தில் போய்ப் பார்த்தால் மழைத்தூறல் போன்ற புள்ளிகள் தெரியும். நான்கடி விலகினால் புதியதொரு நிறம் தெரியும். இரண்டாவது வழி, இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் எல்லைக்கோடு போடாமல், ஒன்றின் வரிகளை நீளமும் குட்டையுமாக மற்றதற்குள் நாக்கு நாக்காக நீட்டிவிடுவது. இடைக்கால நெசவாளர்கள் சதையின் நிழலையும் பட்டாடையின் பளபளப்பையும் இப்படித்தான் காட்டினார்கள். அவர்களுடைய நாக்குகள் சீப்பின் பற்களைப் போல ஒழுங்கானவை. இவருடையவையோ ஒன்று ஓர் அங்குலம், அடுத்தது ஒரு சாண், அதற்கடுத்தது காணாமலே போய்ப் பிறகு தொலைவில் தலைகாட்டுகிறது. ஒழுங்கு குலைந்த இந்த நீளங்களில்தான் பனி நகர்கிறது.

சாம்பல் நிறத்தைப் பற்றி ஒரு செய்தி. பனியில் நான்கு இழையும் சாம்பலான இடத்தில் மங்கிய நீலம் இருப்பதாக எனக்கு மூன்று மாதம் தோன்றிக்கொண்டிருந்தது. முதுகுப்பக்கம் ஒரு நூல் முனையை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது அது நீலமே இல்லாத வெறும் ஆட்டுரோமச் சாம்பல், சாயமே ஏறாதது. கீழே உள்ள காய்ந்த புல்லின் காவிமஞ்சள் அதை நீலமாகக் காட்டியிருக்கிறது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப்பிரிவின் தலைவரான வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராயப் புகுந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதை 1839இல் விரிவான நூலாகவும் வெளியிட்டார். ஓவியர்கள் பின்னாளில் பெரிதும் பயன்படுத்திக்கொண்ட அந்த உண்மை ஒரு தறிக்கூடத்தின் புகாரிலிருந்து வந்தது. என் சுவரில் அதே உண்மை, சாயச் செலவே இல்லாத ஒரு நூலை நீலமாக்கிக் காட்டுகிறது. இதை அவர் அறிந்தே செய்திருக்கிறார் என்பதற்குச் சான்று, காவிமஞ்சள் இல்லாத வலக்கோடியில் மட்டும் உண்மையான நீல இழை ஒன்றைச் சேர்த்திருப்பது.

நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று நம் கவிதை இலக்கணம் வைத்திருக்கிறது. நிலக்காட்சியைச் சுவரில் மாட்ட விரும்பும் எவரும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். மலையும் மரமும் வானமும் இருந்தும் எந்தப் பொழுது என்று சொல்ல முடியாத நெசவுகள் ஏராளம். அவற்றில் நிலம் இருக்கிறது, முதற்பொருள் நிறையவில்லை. இந்தப் படைப்பில் பொழுது இருக்கிறது. வெயில் இன்னும் முகட்டைத் தாண்டவில்லை. ஆனால் இரண்டாவது மலைத்தொடரின் ஒரு தோளில், விரற்கடை அகலத்திற்கு, மஞ்சிட்டியில் ஏறிய மிக மெல்லிய சிவப்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாள் ஆயிற்று. கண்டபிறகு படம் முழுவதும் அதற்காகவே காத்திருப்பதாகத் தெரிகிறது.

மரங்களைச் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னாரல்லவா, அதையும் நேர்த்தியாகவே செய்திருக்கிறார். இரண்டு நிறங்கள் செங்குத்தாக அருகருகே நின்றால் இரண்டின் ஊடையும் தத்தம் எல்லையில் திரும்பிவிடும். நடுவில் துணி இணையாமல் பிளவு விழும். அதைப் பின்னர் ஊசியால் தைத்து மூடலாம். அல்லது நெய்யும்போதே இரு ஊடைகளையும் ஒன்றோடொன்று கோத்துவிடலாம். பட்டுச் சேலை நெசவில் கரையையும் உடலையும் சேர்க்கப் போடும் கோர்வைக்கு நெருங்கிய முறை அது. இவர் மூன்று மரங்களின் வலப்பக்கத்தைக் கோத்துவிட்டு, இடப்பக்கத்தை மட்டும் பிளவாகவே திறந்துவிட்டிருக்கிறார். பிளவின் உள்ளே விழும் நிழல் ஒரு கருங்கோடாகத் தெரிகிறது. அந்தக் கோடு சாயத்தால் ஆனதன்று. சுவருக்கும் துணிக்கும் இடையில் உள்ள இருட்டால் ஆனது. விளக்கை இடம் மாற்றினால் கோட்டின் கனமும் மாறுகிறது. குறைபாடாகக் கருதப்படும் ஒன்றை வரைகோடாக மாற்றிய இந்த இடம், கைத்தறி அறிவுக்கு மட்டுமே வாய்க்கும்.

பாறைச்சரிவு இவ்வளவு உயர்வில்லை. புல்லின் அசைவைக் காட்டுவதற்காக ஊடையைக் கிடையாக ஓட்டாமல் மேடும் பள்ளமுமாக வளைத்து ஓட்டியிருக்கிறார். நூல் சாய்ந்து ஓடும்போது புல் சாய்வது போலவே தெரிகிறது, இது அழகு. ஆனால் வளைந்து ஓடும் ஊடை பாவை ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் சரிவின் வலக்கோடியில் உள்ளங்கை அளவு இடம் சற்றே உப்பி நிற்கிறது. ஈரத்துணி போட்டு நீராவி பிடித்ததில் பாதி அடங்கியது, மீதி அடங்கவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த உப்பல் பாறையின் புடைப்பு போலத் தெரிவது நல்வாய்ப்பு. நேர் வெளிச்சத்தில் துணியின் கோளாறாகவே தெரிகிறது.

இனிக் குளம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். படத்தின் அடியில் 14 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரவியிருக்கும் நீர், இந்தப் படைப்பின் மற்றப் பகுதிகளோடு ஒட்டவில்லை. அலையைக் காட்ட இரண்டு நிறங்களை இரண்டிரண்டு வரியாக மாற்றி மாற்றி நெய்யும் வழக்கமான முறையைக் கையாண்டிருக்கிறார். நெளிநெளியான மெல்லிய கோடுகள் அதில் தாமாகவே வரும். நீருக்கு அது பொருத்தமான முறைதான். ஆனால் அதன் நிறம் நடுப்பகல் நீலம். மேலே முன்பனிக் காலத்து விடியல், கீழே உச்சிவெயில் குளம். இதோடு நிற்காமல், புகைப்படத்தில் நீரின் மேல் இருந்த ஒளிச்சிதறலைப் பிடிப்பதற்காக வெண்பட்டு இழைகளை இடையிடையே சேர்த்திருக்கிறார். பட்டு மின்னும், உண்மை. ஆனால் அது படத்திற்குள் இருக்கும் ஒளியில் மின்னவில்லை, என் அறை விளக்கில் மின்னுகிறது. மற்ற எல்லா இடங்களிலும் நூலின் இயல்பை நம்பியவர், இந்த ஓரிடத்தில் கேமராவை நம்பிவிட்டார்.

காரணத்தை அவரிடமே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. நிமிர்த்தி நெய்யும்போது துணி கீழிருந்து மேலாக வளர்கிறது; நெய்த பகுதி உருளையில் சுருண்டு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. குளத்தை நெய்தது முதல் மாதம். வானத்தை நெய்தது நான்காம் மாதம். முழு அகலத்திற்கும் 1 சென்டிமீட்டர் வளர்ந்தால் அதுவே நல்ல நாள் என்னும் வேலையில், வானம் எந்த நிறத்தில் முடியப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே அதன் பிரதிபலிப்பை நெய்து முடித்தாக வேண்டியிருந்தது. இடையில் மனம் மாறி, நண்பகலாகத் தொடங்கிய படம் விடியலாக மாறியது. ஓவியனாக இருந்தால் கடைசியில் தூரிகையைத் தோய்த்துக் குளத்தைச் சாம்பலாக்கியிருப்பான். நெசவில் அதற்கு மேலுள்ள 71 சென்டிமீட்டரையும் அவிழ்க்க வேண்டும்.

ஓவியத்தை நூலில் நகலெடுக்கும் ஆசை இக்கலையில் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டில் கோப்லான் கூடத்தின் மேற்பார்வையாளராக இருந்த ஓவியர் ழான் பாப்டிஸ்ட் ஊத்ரி, நெசவாளர்கள் தம் மரபுப்படி நிறத்தைத் தேர்வதைவிட்டு ஓவியத்தின் சாயல்களை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார், நெசவாளர்கள் எதிர்த்தார்கள். நுணுக்கமான சாயல்கள் பெருகின. அவற்றுள் பல விரைவில் வெளிறின. 20ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஓபூசோன் நகரத் தறிகளோடு வேலை செய்த ஓவியர் ழான் லுர்சா எதிர்த்திசையில் போனார்: பருமனான நூல், எண்ணிட்ட சில நிறங்கள், தறியால் இயன்றதை மட்டுமே கேட்கும் வரைபடம். என் சுவரில் உள்ள பனி லுர்சாவின் பக்கம், குளம் ஊத்ரியின் பக்கம் என்று சொல்வேன். அதே வேளையில் பெரிய ஓவியம் ஒன்று நூலுக்குள் சென்று தழைத்ததற்கும் சான்று உண்டு. 1988இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கட்டடத்தின் பெருமண்டபத்தில், ஓவியர் ஆர்தர் பாய்டு தீட்டிய ஷோல்ஹேவன் பகுதி யூகலிப்டஸ் காட்டை ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்திலும் 9 மீட்டர் உயரத்திலும் மெல்போர்ன் நெசவாளர்கள் நெய்திருக்கிறார்கள். தூரிகை வீச்சை நூலாக மொழிபெயர்க்கும் பொறுப்பு அங்கே நெசவாளர்களுடையதாக இருந்தது.

நிறம் நிலைப்பதைப் பற்றி. நிலக்காட்சி வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது. அதிலும் பச்சையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக இயற்கைச் சாயத்தில் பச்சை என்பது நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றிப் பெற்றதே. நீலம் அவுரியிலிருந்தோ அதே சாயத்தைத் தரும் ஐரோப்பிய வோடு செடியிலிருந்தோ வரும், அது உறுதியானது. மஞ்சள் அவ்வளவு உறுதியில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள 16, 17ஆம் நூற்றாண்டு இலைதழைத் திரைகளில் காடு முழுவதும் நீலமாக நிற்பதைக் காணலாம். நெய்தவர்கள் நீலக்காட்டை நெய்யவில்லை, மஞ்சள் பறந்துவிட்டது. என் நெசவாளர் இதற்கு ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறார். தேர்ந்த நூல்களை அட்டையில் சுற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, ஆறு வாரம் ஜன்னலில் வைத்துவிடுகிறார். என் படத்திற்காகத் தேர்ந்த நிறங்களில் இரண்டு பச்சைகள் அந்தச் சோதனையில் தோற்றன. வேறு பச்சைகளைச் சேர்த்துப் பணியைத் தொடங்கினார். தோற்ற நிறங்களின் அட்டையையும் எனக்கு அனுப்பியிருந்தார். ஓராண்டு கழித்து முதுகையும் முகத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டேன். வேறுபாடு எதையும் என் கண் காணவில்லை. நேரடி வெயில் படாத சுவரில், அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு வைத்திருக்கும் 50 லக்ஸ் ஒளியளவு வரம்பை வீட்டில் கடைப்பிடிப்பது கடினம் என்றாலும், பகலில் திரையை இழுத்துவைக்கும் பழக்கத்தோடு, இது நீண்ட காலம் நிற்கும் என்று நம்புகிறேன்.

வேலைப்பாட்டுக் குறைகள் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். துணியின் அடிப்பகுதி 110 சென்டிமீட்டர் இருக்க, மேல்விளிம்பு 108.6 மட்டுமே இருக்கிறது. ஊடையை வில்போல் வளைத்து விட்டு அடிக்காமல் இறுக்கி இழுத்தால் கரைகள் உள்ளே வாங்கும்; பழகிய கைக்கும் இது நேர்வதுண்டு. தனியாகப் பார்த்தால் தெரியாது, கதவு நிலைக்குப் பக்கத்தில் மாட்டினால் தெரிகிறது. நான் இடத்தை மாற்றிக்கொண்டேன். இரண்டாவது குறை பராமரிப்பைப் பற்றியது: எப்படிச் சுத்தம் செய்வது, பூச்சி வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி கூட எழுதி அனுப்பவில்லை. கம்பளிக்கு அந்துப்பூச்சி மிகப் பெரிய பகை. அதன் புழுக்கள் இருண்ட, அசைவில்லாத இடத்தில்தான் கூடுகட்டும். மாதம் ஒருமுறை இறக்கி முதுகைப் பார்ப்பதும், வலைத்துணியை மேலே வைத்துக் குறைந்த வேகத்தில் தூசு உறிஞ்சுவதும் நானாகத் தெரிந்துகொண்டவை. தண்ணீரில் நனைத்துத் துவைக்கக் கூடாது என்பதையாவது அவர் சொல்லியிருக்கலாம்.

பொதிந்து அனுப்பிய முறையில் குறையில்லை. மடிக்காமல், பருமனான குழாயில், முகம் வெளிப்புறமாக இருக்கும்படி சுற்றியிருந்தார். மேல்விளிம்பின் முதுகில் பருத்திப் பட்டையும் அதன் மேல் வெல்க்ரோவின் மென்மையான பகுதியும் தைக்கப்பட்டிருந்தன. மறுபகுதியைச் சுவரில் அறைந்த மரச்சட்டத்தில் பொருத்தினால் எடை முழு அகலத்திலும் சமமாகப் பரவுகிறது. ஆணியில் வளையம் போட்டுத் தொங்கவிடும் திரைகள் சில மாதங்களிலேயே வளையங்களுக்கு இடையில் தொய்வதை வேறு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஓராண்டில் நான் எதிர்பாராத ஒன்று, ஒலி. அந்தச் சுவர் முன்பு எதிரொலிக்கும். இப்போது அறையில் பேச்சு தாழ்ந்து கேட்கிறது. மற்றொன்று, தொலைவு. கண்ணாடிச் சட்டமிட்ட படத்தை நாம் ஓரிடத்தில் நின்று பார்க்கிறோம். இதற்கு மூன்று தொலைவுகள் இருக்கின்றன. அறையின் மறுகோடியிலிருந்து மலை, நான்கடியில் பனி, ஒரு சாணில் வெறும் நூல், பாவின் ஒழுங்கான வரப்புகள், சென்டிமீட்டருக்கு நான்கு. மூன்றாவது தொலைவுக்குப் போனதும் மலை முற்றிலும் மறைந்துவிடுகிறது. பின்வாங்கினால் திரும்ப வருகிறது. விருந்தினர் பலரும் தாமாகவே இப்படி முன்னும் பின்னும் நடப்பதைக் கவனித்திருக்கிறேன்.

புகைப்படத்தில் உள்ளது உள்ளபடியே வேண்டும் என்பவர் இதைக் கேட்டு வாங்க வேண்டாம். நான்கைந்து மாதம் காத்திருக்க இயலாதவரும் வேண்டாம். தாம் விரும்பும் நிலத்தின் எந்தப் பொழுது தமக்கு வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர், அதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். நான் மலையைச் சொன்னேன், மரத்தைச் சொன்னேன், விடியலைச் சொல்லவில்லை. குளம் நண்பகலானதில் எனக்கும் பங்குண்டு.

இரண்டாவதாக ஒன்றை நெய்யச் சொல்லியிருக்கிறேன். நாணல் சூழ்ந்த சதுப்பு நிலம், அந்தி. இம்முறை நீரே முக்கால் பங்கு. வரைபடத்தைத் தலைகீழாகக் கட்டி நெய்யப்போவதாக அவரே எழுதியிருக்கிறார். அப்படி நெய்தால் வானம் முதலில் முடிந்துவிடும். அதன் கடைசி நூல்கள் குச்சியில் மீதி இருக்கும்போதே அவற்றை எடுத்து நீருக்குள் கொண்டுபோகலாம். பட்டு வேண்டாம் என்று நான் எழுதுவதற்கு முன்பே, அட்டையில் பட்டு இல்லை.